உலர்ந்தபின் நிறுக்கும் தராசு

ஜேர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல், வயதுவந்த ஒருவர் வீட்டில் மூன்று கஞ்சாச் செடிகள் வரை வளர்க்கச் சட்டம் இடமளிக்கிறது. நாம் அறிந்த யாழ்ப்பாணப் புகையிலையைப் போன்று இதற்கும் பக்குவம் அறுவடைக்குப் பின்னரே. இருளும் காற்றோட்டமும் உள்ள அறையில் ஓரிரு வாரம் தொங்கவிட்டு, பின் கண்ணாடிப் போத்தலில் அடைத்து, நாள்தோறும் திறந்து ஈரம் போக்குவர். அவசரப்பட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

நம்மவர் கவனிக்கவேண்டியது தராசையே. உலர்ந்தபின் ஒருவர் வீட்டில் வைத்திருக்கக்கூடியது 50 கிராம் மட்டுமே. நன்கு விளைந்த ஒரு செடியே அதனை மிஞ்சக்கூடும். மிஞ்சியதை நண்பருக்குக் கொடுப்பதும் குற்றம், அழித்துவிடல் வேண்டும். பிள்ளைகளின் கைக்கு எட்டாது காப்பதும் வளர்ப்பவரின் கடமை.

குற்றவழக்கொன்று வதிவிட அனுமதியையே பாதிக்கலாம். ஆதலின், அவ்வனுமதி உறுதியாகாத குடும்பங்கள் இச்செடியைத் தொடாதிருப்பதே நன்று என்பது எமது துணிபு.