பொக்லைன் செயினுக்கு ஒதுக்க வேண்டிய கால் மணி நேரம்

ஏரியில் வண்டல் அள்ளுவதானாலும், கல்குவாரியில் பாறையைப் பெயர்ப்பதானாலும், புதிய சாலைக்கு மண் நிரவுவதானாலும் தமிழ்நாட்டில் முதலில் வந்து இறங்குவது பொக்லைன் இயந்திரம்தான். ஏறக்குறைய இருபது டன் எடையுள்ள அந்த வண்டியைத் தாங்கி நகர்த்துபவை இரண்டு இரும்புச் செயின்கள். அவை எவ்வளவு தொங்குகின்றன என்று அளந்து, தேவைப்பட்டால் சரிசெய்ய ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம் போதும். அந்தக் கால் மணி நேரத்துக்கு வாடகைக் கணக்கில் இடமே இல்லை. வண்டி மணிக்கணக்கில் வாடகைக்குப் போகிறது. மண் அள்ளும் நேரத்துக்கு மட்டும்தான் பணம். ஆகவே செயினைப் பார்ப்பது ஆபரேட்டரின் நல்லெண்ணத்துக்கு விடப்பட்ட வேலையாகி, கழன்று விழும் நாளில் மெக்கானிக்கின் வேலையாக மாறுகிறது. இந்த ஏற்பாடு தவறு. செயின் தொய்வை அளப்பதும் வேலை நேரத்தின் ஒரு பகுதிதான். அதற்குரிய நேரத்தையும் கூலியையும் வாடகை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

செயின் என்பது பின்னும் புஷ்ஷும் கொண்டு கோத்த கண்ணிகளின் தொடர். பின்பக்கத்தில் ஸ்ப்ராக்கெட் என்ற பல்சக்கரம் அதை இழுக்கிறது. முன்பக்கத்தில் ஐட்லர் சக்கரம் அதைத் திருப்பி அனுப்புகிறது. கீழே உள்ள ரோலர்கள் வண்டியின் எடையைத் தாங்க, மேலே ஒன்றிரண்டு ரோலர்கள் செயினை ஏந்திக்கொள்கின்றன. ஐட்லரை ஒட்டி ஒரு கிரீஸ் சிலிண்டரும் பெரிய சுருள்வில்லும் இருக்கும். கிரீஸ் கன்னால் அடித்தால் ஐட்லர் முன்னே நகர்ந்து செயின் இறுகும். வால்வைத் திறந்தால் கிரீஸ் வெளியேறித் தளரும். இறுக்குவது இவ்வளவு சுலபமாக இருப்பதால், செயின் கொஞ்சம் தொங்கினாலே கன்னை எடுத்து நன்றாக இறுக்கிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. கழன்று விழுவதைவிட இறுக்கமாக இருப்பது மேல் என்பது அதன் பின்னுள்ள எண்ணம். இந்த எண்ணத்தால் ஏற்படும் சேதம் வெளியே தெரிவதில்லை. துணி காயப்போடும் கொடியைச் சற்றுத் தொங்கவிட்டுக் கட்டுவது எளிது. தொய்வே இல்லாமல் கட்டப் போனால் முளையே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். செயினுக்கும் அதே கணக்குதான். மீட்டருக்கு 150 கிலோ எடையுள்ள செயின், 1.6 மீட்டர் இடைவெளியில் 40 மில்லிமீட்டர் தொங்கினால் அதிலுள்ள இழுவிசை சுமார் 1.2 டன். தொய்வை 20 மில்லிமீட்டராக்கினால் அது 2.4 டன் ஆகும். 10 மில்லிமீட்டராக்கினால் 4.8 டன். வண்டி ஓரடிகூட நகராமல், ஒரு வாளி மண்கூட அள்ளாமல் செயின் சுமக்கும் சுமை இது. நகரத் தொடங்கியதும் ஸ்ப்ராக்கெட்டையும் ஐட்லரையும் சுற்றி ஒவ்வொரு கண்ணியும் மடங்கி நிமிர்கிறது. மடங்கும்போதெல்லாம் பின், புஷ்ஷுக்குள் இந்தச் சுமையோடு உரசித் திரும்புகிறது. புஷ் தேய்கிறது, ஸ்ப்ராக்கெட்டின் பல் கூராகிறது, ஐட்லரின் பேரிங் சூடேறுகிறது. அந்த உரசலை வென்று நகர்வதற்குச் செலவாகும் டீசலும் வேலைக்கு உதவாமல் வீணாகிறது.

தளர்வாக விட்டாலும் கேடுதான் என்பதை மறுக்க முடியாது. மிகவும் தளர்ந்த செயின் பக்கவாட்டில் பாம்புபோல நெளியும். ரோலரின் விளிம்பையும் கண்ணியின் பக்கத்தையும் அரைக்கும். சரிவில் திரும்பும்போது ஐட்லரிலிருந்து கழன்றுவிடும். ஏரிக் கரையின் சரிவில் செயின் கழன்ற வண்டியை மீட்பது ஒரு நாள் வேலை. கீழே ஆள் நின்றால் உயிருக்கே ஆபத்து. ஆனால் தளர்வை யாரும் கண்ணால் பார்க்கலாம், காதாலும் கேட்கலாம். இறுக்கம் சத்தமே இல்லாமல் மாதக்கணக்கில் தின்றுகொண்டிருக்கும். கழன்ற செயினுக்கு ஆபரேட்டர் திட்டு வாங்குகிறார். ஆயிரம் மணி நேரம் முன்னதாகவே தேய்ந்துபோன செயினுக்கு யாரும் பொறுப்பாவதில்லை. இரண்டு தவறுகளில் ஒன்றுக்கு மட்டும் தண்டனை என்றால், மனிதர்கள் மற்றொன்றின் பக்கம் சாய்வது இயல்புதானே.

மண் உள்ளே வரும்போது இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. டெல்டாவின் களிமண்ணும், விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசலும், ஏரிகளின் அடிவண்டலும் ஸ்ப்ராக்கெட்டின் பற்களுக்கு நடுவிலும் கண்ணிகளின் இடுக்குகளிலும் அப்பிக்கொள்ளும். பல்லின் அடியில் மண் சேரும்போது சக்கரத்தின் சுற்றளவே கூடியதுபோல ஆகி, செயின் தானாகவே இறுகுகிறது. உலர்ந்த செம்மண்ணில் சரியாக வைத்த தொய்வு, சேற்றில் இரண்டு மணி நேரம் ஓடியதும் ஆபத்தான இறுக்கமாகிவிடும். அதனால்தான் வண்டியை நன்றாகக் கழுவிவிட்டு ஷெட்டில் நிறுத்தி அளக்கும் அளவு மட்டும் போதாது என்கிறோம். வேலை நடக்கும் இடத்தில், அந்த மண் ஒட்டியிருக்கும் நிலையிலேயே அளக்க வேண்டும். வேலை முடிந்ததும் மண்ணைத் தட்டிவிடவும் வேண்டும். இரவில் காய்ந்து கல்லாகிவிட்ட களிமண்ணோடு காலையில் வண்டியை நகர்த்துவது ரோலர்களின் எண்ணெய் சீலைக் கிழிக்கும் நேர்வழி. ஒரே வண்டி இந்த வாரம் குவாரியிலும் அடுத்த வாரம் கண்மாயிலும் நிற்கிறது. லோபெட் லாரியிலிருந்து இறங்கிய இடத்து மண்ணுக்கு ஏற்ப அன்றே தொய்வைப் பார்ப்பதுதான் முறை.

அனுபவமுள்ள ஆபரேட்டருக்கு அளவுகோல் எதற்கு, கண்ணே போதாதா என்று கேட்பார்கள். அவர்களின் அனுபவத்தை மதிக்கிறேன். செயினின் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்பவர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். ஆனால் கண் ஒப்பிடுவது நேற்றைய நிலையோடு. நேற்று இறுக்கமாக இருந்ததே பழகிவிட்டால் இன்று சரியான தொய்வுகூடத் தளர்வாகத் தெரியும். அளக்கும் முறையும் ஒன்றல்ல. சில கையேடுகள் ஐட்லருக்கும் மேல் ரோலருக்கும் நடுவே நேரான சட்டத்தை வைத்து, செயின் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று அளக்கச் சொல்கின்றன; அங்கே விடை சில சென்டிமீட்டர்தான். வேறு சில, பூமையும் பக்கெட்டையும் ஊன்றி ஒரு பக்கத்தைத் தூக்கி, கீழே தொங்கும் செயினுக்கும் சட்டகத்துக்கும் உள்ள இடைவெளியை அளக்கச் சொல்கின்றன. அங்கே விடை அதைப்போலப் பல மடங்கு. ஒரு கம்பெனி வண்டியில் பழகிய கண்ணை மற்றொரு வண்டிக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. அளக்கும் முன் வண்டியைச் சமதரையில் மெதுவாக முன்னே ஓட்டி நிறுத்த வேண்டும். சரிசெய்த பின் முன்னும் பின்னும் நகர்த்தி மறுபடி அளக்க வேண்டும். இதையெல்லாம் செய்ய ஒரு சட்டம், ஒரு அளவுகோல், ஒரு குறிப்பேடு போதும். அளவை எழுதி வைப்பதில் இன்னொரு நன்மை உண்டு. கிரீஸ் அடித்த சில நாட்களிலேயே செயின் மறுபடி தொங்கினால் சிலிண்டர் சீல் கசிகிறது என்று பொருள். சிலிண்டர் முழுவதும் நீண்டும் இறுகவில்லை என்றால் செயினே தேய்ந்து நீண்டுவிட்டது. அப்போது ஒரு கண்ணியைக் கழற்றிவிட்டு ஓட்டுவது சிக்கனம் ஆகாது. மீதமுள்ள கண்ணிகளின் இடைவெளி ஸ்ப்ராக்கெட்டின் பல்லோடு பொருந்தாமல் அதையும் சேர்த்து அழித்துவிடும்.

நேரம் யாருடையது என்பதுதான் வலுவான ஆட்சேபம். ஒப்பந்தக்காரர் மண் அள்ளிய மணிக்குத்தான் பணம் தருவார். உரிமையாளர் மாதத் தவணை கட்ட வேண்டும். பேட்டாவும் சம்பளமும் வாங்கும் ஆபரேட்டர் தன் உணவு இடைவேளையில் செயினை அளக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. செயினும் ரோலர்களும் அடங்கிய அடிப்பாகம்தான் இத்தகைய வண்டிகளின் பராமரிப்புச் செலவில் பெரும் பங்கை விழுங்குகிறது என்பது இத்துறையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட உண்மை. வாரத்துக்கு அரை மணி நேர வாடகையை மிச்சம் பிடித்து அந்தச் செலவைப் பெருக்கிக்கொள்வதில் உரிமையாளருக்கும் லாபமில்லை. அவர் அதை வாடகையில் ஏற்றுவார், ஏரி தூர்வாரும் அரசுப் பணம் அதைக் கொடுக்கும். ஆகவே தொடங்க வேண்டிய இடம் அரசு ஒப்பந்தப் புள்ளிகள்தான். நீர்வளத் துறையும் நெடுஞ்சாலைத் துறையும் தங்கள் பணிகளில் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறையும், மண் மாறும் நாளிலும், இரு பக்கச் செயினையும் அளக்கும் நேரத்தை வேலை நேரமாக ஏற்க வேண்டும். லாரிக்கும் பேருந்துக்கும் எஃப்.சி. காட்ட வேண்டிய கட்டாயம் இருக்கிறது. இரும்புச் செயினில் நகரும் இந்த வண்டிக்கு அப்படி வெளியாள் யாரும் வந்து பார்ப்பதில்லை. பணம் தருபவரே கேட்டால்தான் உண்டு.

இந்த நேரத்தைக் கொடுக்காமல் விடுவதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. அவசரத்தில் செய்யும்போது இந்த வேலை ஆளைக் கெடுக்கும். சிலிண்டருக்குள் இருக்கும் கிரீஸ் மிக உயர்ந்த அழுத்தத்தில் இருக்கிறது. வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திருகினாலோ, வருகிறதா என்று முகத்தை நீட்டிப் பார்த்தாலோ அது மிகுந்த வேகத்தில் வெளியேறித் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். பக்கவாட்டில் நின்று, மெதுவாகத் திருகி, கிரீஸ் வராவிட்டால் வண்டியை முன்னும் பின்னும் சற்று நகர்த்திப் பார்ப்பதுதான் வழி. சுருள்வில்லின் பக்கம் பயிற்சி பெறாதவர் கையே வைக்கக் கூடாது. பல டன் விசையோடு அது அழுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. பதினெட்டு வயது ஹெல்பரிடம் ஸ்பேனரைக் கொடுத்து சீக்கிரம் முடி என்று விரட்டும் இடத்தில் இந்த எச்சரிக்கைகள் எதுவும் நிற்காது.

ஒரே வண்டியை வைத்துப் பிழைக்கும் சிறு உரிமையாளருக்கு இதெல்லாம் கூடுதல் சுமை அல்லவா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. பெரிய நிறுவனத்தைவிட அவருக்குத்தான் இது அதிகம் தேவை. அவரிடம் மாற்றுச் செயின் வாங்கக் கையிருப்பு இல்லை. வண்டி நின்றால் தவணையும் நிற்கும். பழைய வண்டியை விற்கப் போகும்போது வாங்குபவர் முதலில் குனிந்து பார்ப்பது புஷ், ஸ்ப்ராக்கெட் பல், ரோலர் ஆகியவற்றின் தேய்மானத்தைத்தான். அதை வைத்தே விலையைக் குறைப்பார். ஒவ்வொரு வாரமும் இரு பக்கத் தொய்வையும் தேதியும் மீட்டர் மணியும் போட்டு எழுதிய குறிப்பேடு கையில் இருந்தால், அந்தப் பேரத்தில் விற்பவருக்குக் காட்ட ஏதாவது இருக்கும். கடன் கொடுக்கும் நிதி நிறுவனங்களும் வண்டியின் மதிப்பைக் கணக்கிடும்போது அந்தக் குறிப்பேட்டைக் கேட்கத் தொடங்கலாம். அடமானமாக அவர்கள் கையில் இருப்பதும் அதே செயின்தான்.