பாடத்திட்டமும் பாவு நூலும்

ஒரு சங்கத்தைத் தணிக்கை செய்யச் செல்லும் ஆய்வாளர், நூல் இருப்புப் பதிவேட்டை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘இங்கே நூல் அளவுக்கு மேல் தேங்கியுள்ளது, கொள்முதலைக் குறைக்க’ என்று குறிப்பெழுதிவிட்டு வருவது எளிது. பணியில் சேர்ந்த புதிதில் நாமும் அவ்வாறு எழுதியதுண்டு. அடுத்த முறை சென்றபோது தேக்கம் நீங்கியிருந்தது. ஆனால் தீபாவளிக்கு முந்திய வாரங்களில் பாவு போட நூலின்றித் தறிகள் நின்றிருந்தன. உறுப்பினர்கள் கூலியை இழந்திருந்தனர். கொள்முதல், இருப்பு, உற்பத்தி, விற்பனை, கூலி ஆகிய ஐந்தையும் ஐந்து பதிவேடுகளில் எழுதுகிறோமேயொழிய, அவை ஒன்றோடொன்று பிணைந்த ஒரே காரியம் என்பதை அந்த அனுபவம் நமக்குப் போதித்தது.

இவ்வுண்மையை ஒரு சாத்திரமாகவே வகுத்தவர் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஜே பாரஸ்டர். கெண்டக்கி மாநிலத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியாரின் வீட்டுச் சாமான் தொழிற்சாலைகளில் சில ஆண்டுகள் இரவு பகலாக வேலை நடக்கும்; சில ஆண்டுகள் கழித்துத் தொழிலாளரில் பாதிப் பேர் வேலையிழந்து நிற்பர். சந்தையின் ஏற்ற இறக்கமே இதற்குக் காரணம் என்று யாவரும் எண்ணியிருந்தனர். பாரஸ்டரோ, ஆட்களை எப்போது சேர்ப்பது, சரக்கை எவ்வளவு இருப்பு வைப்பது என்று கம்பெனியார் தாமே வகுத்துக்கொண்ட விதிகளைக் காகிதத்தில் கணக்கிட்டுப் பார்த்தார். வெளியிலிருந்து வரும் தேவை ஒரே சீராக இருந்தாலுங்கூட, அவ்விதிகளே அந்த ஊசலாட்டத்தை விளைவிக்கும் என்று கண்டார். 1961இல் அவர் வெளியிட்ட தொழில் இயக்கவியல் என்னும் நூலிலிருந்து வளர்ந்த இந்நோக்கினை இன்று அமைப்புச் சிந்தனை என்கின்றனர். உறுப்புகளைத் தனித்தனியே பாராமல், அவற்றின் பிணைப்பையும், ஒன்றன் விளைவு சுற்றிவந்து தன்னையே தாக்கும் வகையையும், அதற்கு ஆகும் காலத்தையும் பார்ப்பதே இதன் சாரம்.

நெசவாளரும் உழவரும் படிக்கும் இவ்விதழில் இதனை எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் பிள்ளைகளின் பள்ளிப் பாடத்திட்டத்திற்கும் இந்நோக்கு மிகவும் தேவைப்படுகிறது என்பது நமது கருத்து. பாடத்திட்டம் என்றதும் பலர் பாடப் புத்தகத்தையே நினைக்கின்றனர். புத்தகம் அதன் ஓர் இழை மட்டுமே. பள்ளி நேரம், ஆசிரியரின் தகுதி, பரீட்சை முறை, கல்லூரியில் இடம் தரும் விதி, வீட்டின் வறுமை, பெற்றோரின் ஆசை ஆகிய யாவும் சேர்ந்ததே பாவு. ஓர் இழையை மட்டும் இறுக்கினால் துணி கோணும் என்பதை நம் வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

நம் மாநிலத்தின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. 1953இல் சென்னை மாநிலத்தின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு நேரம் நாளொன்றுக்கு 3 மணியாகக் குறைக்கப்பட்டது. இருக்கும் கட்டடத்தையும் ஆசிரியர்களையும் கொண்டு இரு பிரிவுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது கணக்கு. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்பது ஏற்பாடு. இடப் பற்றாக்குறை என்ற ஒரு பதிவேட்டை மட்டும் பார்த்தால் இக்கணக்கு சரியே. ஆனால் பெற்றோரின் தொழில் என்பது நம் நாட்டில் சாதியோடு பிணைந்தது. தோட்டியின் மகன் தோட்டியாகவும், நெசவாளியின் மகன் நெசவாளியாகவும் நிற்பதற்கு அரசாங்கமே வழி செய்கிறது என்று மக்கள் கொதித்தெழுந்தனர். 1954இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

பின்னர், 1956இல் காமராசர் அரசாங்கம் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிற்று. பாடத்தில் ஒரு வரியையும் அது மாற்றவில்லை, பசியைத்தான் தொட்டது. பசித்த பிள்ளை பள்ளிக்கு வந்தது. வந்த பிள்ளை எழுத்தறிந்தது. கை வைக்க வேண்டிய இடம் சில வேளைகளில் பாடத்திற்கு வெளியே இருக்கும் என்பதை அத்திட்டம் காட்டிற்று. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அவ்வழியில் வந்ததேயாகும்.

இனி, நம் காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சற்று விரிவாகக் காண்போம். 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது, 11, 12 ஆகிய இரு வகுப்புகளும் ஒரே படிப்பின் இரு பாதிகளாக அமைக்கப்பட்டன. பொதுப் பரீட்சை மட்டும் 12ஆம் வகுப்பின் முடிவில் நடந்தது. கல்லூரியில் இடம் தருவதும் அந்த மதிப்பெண்ணைக் கொண்டே. விளைந்தது என்ன? பல பள்ளிகள், குறிப்பாக மதிப்பெண்ணையே விளம்பரமாகக் கொண்ட தனியார் பள்ளிகள், 11ஆம் வகுப்புப் பாடங்களை ஒதுக்கிவிட்டு, 12ஆம் வகுப்புப் பாடங்களையே இரண்டாண்டுகள் உருப்போடச் செய்தன. மதிப்பெண் உயர்ந்தது, பள்ளியின் பெயர் உயர்ந்தது, மேலும் மாணவர் சேர்ந்தனர், முறையாகக் கற்பித்த பள்ளி பின்தங்கிற்று. அதுவும் வேறு வழியின்றி அதே பாதையில் இறங்கிற்று. இதில் கொடியவர் என்று ஒருவரைச் சுட்ட இயலாது. பெற்றோர், ஆசிரியர், நிர்வாகி ஆகிய மூவரும் தத்தம் இடத்தில் நின்று நியாயமாகவே நடந்தனர். விதிதான் அவர்களை அவ்வாறு நடத்திற்று.

இழப்பு உடனே தெரியவில்லை. மாணவன் பொறியியற் கல்லூரியில் நுழைந்தபின், முதலாண்டுக் கணக்கிலும் இயற்பியலிலும் தடுமாறும்போதுதான் தெரிந்தது. அப்போது பள்ளிக்கூடம் அவன் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. மகனின் பள்ளிக் கட்டணத்திற்காகக் கடன்பட்ட நெசவாளர், நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளை கல்லூரியில் ஏன் தவறுகிறான் என்று புரியாமல் மனம் வருந்தினார். பிள்ளையைச் சோம்பேறி என்று கடிந்துகொண்டோரும் உண்டு. குற்றம் பிள்ளையினது அன்று; பாவில் பாதி இழைகளைக் கட்டாமலே ஊடை ஓட்டச் சொன்னவர்களது.

2017இல் அரசாங்கம் இதற்கு ஒரு பரிகாரம் கண்டது. 2017-18ஆம் கல்வியாண்டு முதல் 11ஆம் வகுப்புக்கும் பொதுப் பரீட்சை என்று அறிவித்தது. 1200 மதிப்பெண் என்பது வகுப்புக்கு 600 என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. இரண்டும் சேர்ந்தே கல்லூரியில் இடம் பெற உதவும் என்பது முதல் ஏற்பாடு. 2018-19இல் 11ஆம் வகுப்புக்குப் புதிய பாடப் புத்தகங்களும் வந்தன. புத்தகம், பரீட்சை, கல்லூரி ஆகிய மூன்று இழைகளும் ஒரே திசையில் இழுபடத் தொடங்கிய வேளை அது. ஆனால் 2018ஆம் ஆண்டிலேயே, உயர்கல்விக்கு 12ஆம் வகுப்பு மதிப்பெண் மட்டும் போதும் என்று விதி மாற்றப்பட்டது. 10, 11, 12 என மூன்றாண்டுகள் தொடர்ந்து பொதுப் பரீட்சை எழுதும் பிள்ளைகளின் மனச்சுமையைக் குறைக்கும் நல்லெண்ணமே அதற்குக் காரணம். எனினும் நேர்ந்தது யாது? பரீட்சை நின்றது, அதன் இழுவிசை போயிற்று. சுமை இருந்தது, பயன் குறைந்தது. 2025இல் வெளியிடப்பட்ட மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2025-26ஆம் கல்வியாண்டு முதல் 11ஆம் வகுப்புப் பொதுப் பரீட்சையே நீக்கப்பட்டது.

நீக்கியது தவறென்று நாம் கூறவில்லை. பதினாறு வயதுப் பிள்ளையை ஆண்டுதோறும் அச்சத்தில் ஆழ்த்துவது கல்வியாகாது. பழைய பரீட்சையை மீண்டும் கொண்டுவருவதே வழி என்பாருடன் நாம் உடன்படவுமில்லை. நமது கேள்வி வேறு. 2017க்கு முன்னர்ப் பள்ளிகளை 11ஆம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிச் செல்லத் தூண்டிய விதி எதுவோ, அது இன்றும் அப்படியே இருக்கிறது. பூட்டை எடுத்துவிட்டோம், பூட்டுப் போட நேர்ந்த காரணத்தை எடுத்தோமா? பொறியியல் இடத்திற்கு 12ஆம் வகுப்பு மதிப்பெண்ணே இன்றும் அளவுகோல். மருத்துவத்திற்குரிய நீட் தேர்வு இரண்டாண்டுப் பாடங்களிலும் வினா எழுப்புகிறது என்பது மெய்யே. ஆனால் அது தனிப்பயிற்சி நிலையங்களுக்குப் பணம் கட்ட வல்லாரை ஒரு பக்கமும், அல்லாரை மறு பக்கமும் நிறுத்துகிறது. கட்ட வல்லார் வேறிடத்தில் கற்றுக்கொள்வர். பள்ளியையே நம்பியிருக்கும் நெசவாளியின் பிள்ளையும் உழவரின் பிள்ளையுமே மீண்டும் ஏமாறுவர்.

எனவே நாம் மூன்று யோசனைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, கை வைக்க வேண்டிய இடம் 12ஆம் வகுப்பு வினாத்தாள். 11ஆம் வகுப்பில் கற்ற அடிப்படையின்றி விடையளிக்க இயலாத வினாக்கள் அதில் கணிசமாக இடம்பெற வேண்டும். இதனால் இன்னொரு பரீட்சை வேண்டுவதில்லை. பிள்ளைக்குப் புதிய சுமையுமில்லை. பாடத்தைத் தாண்டிச் செல்லும் பள்ளிக்கு அது இலாபமாக இராது, அவ்வளவே.

இரண்டாவது, பாடங்களை வகுப்போர் பாடத்திற்குப் பாடம் சுவர் எழுப்பாதிருக்க வேண்டும். நூல் விலை ஏறுகிறது என்ற ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். பருத்தி விளையும் மண்ணும் மழையும் புவியியல். விலை ஏற்றத்தின் வீதம் கணக்கு. சென்ற ஆண்டின் நல்ல விலையை நம்பி எல்லோரும் பருத்தி பயிரிட, விளைச்சல் வந்தபோது விலை வீழ்வது பொருளியல். பூச்சி மருந்து அடித்த வயலில் சில ஆண்டுகளில் மருந்துக்கு அஞ்சாத பூச்சி பெருகுவது உயிரியல். நான்கு ஆசிரியர்கள் நான்கு மணி நேரங்களில் நான்கு துண்டுகளாக இவற்றைக் கற்பிக்கின்றனர். பருவத்திற்கு ஒரு முறையேனும் அவர்கள் கூடி, ஒரே பொருளை நாற்புறமிருந்தும் காட்டுவார்களாயின், மாணவன் பிணைப்பைக் காணக் கற்பான். அவன் நாளை சங்கத்தின் இயக்குநராக வந்து அமர்ந்தால், ஒரே பதிவேட்டைப் பார்த்து முடிவு செய்யமாட்டான்.

மூன்றாவது யோசனை நம் உறுப்பினர்களுக்கே உரியது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது. நம் மாநிலத்தில் அரசு மேல்நிலைப் பள்ளிகளிலும் இக்குழுக்கள் இயங்குகின்றன. குழுவில் இருப்போர் கட்டடத்தையும் குடிநீரையும் பற்றிப் பேசுவதோடு அமையாமல், ‘11ஆம் வகுப்பில் இதுவரை எந்தப் பாடம் முடிந்தது? எந்தப் புத்தகத்திலிருந்து நடக்கிறது?’ என்று மாதந்தோறும் கேட்க வேண்டுகிறோம். தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தோர், வீட்டில் அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்தாலே போதும். ஆண்டு முடியும் தறுவாயிலும் தாள் மடிப்புக் கலையாதிருந்தால் விடை தானே கிடைத்துவிடும்.

பெரிய படிப்புப் படியாத நாம் இதையெல்லாம் கேட்கலாமா என்று சிலர் தயங்கக்கூடும். ஆயிரக்கணக்கான இழைகளை ஒருங்கே நோக்கி, எங்கே ஓர் இழை தளர்ந்தாலும் கை தறியிலிருக்கும்போதே உணர்பவர் நெசவாளர். நீர், மண், விதை, பருவம் ஆகிய நான்கையும் ஒரே கணக்காகப் போட்டு வாழ்பவர் உழவர். மேனாட்டுப் பேராசிரியர் நூலெழுதி விளக்கிய சிந்தனை நம் அன்பர்களுக்குத் தொழிலாகவே அமைந்திருக்கிறது. அந்தக் கண்ணோடு நம் பிள்ளைகளின் பள்ளியையும் ஒரு முறை பார்ப்போமாக. வரும் பொதுக்குழுவில் ஒவ்வொரு சங்கமும் இதற்கென அரை மணி நேரம் ஒதுக்கினால், அது வீண் பொழுதாகாது என்பது நமது உறுதியான நம்பிக்கை.