கேம் நின்றுபோனால் லெப்டொப்பை ஃபோர்மட் பண்ண வேண்டுமா?

விடுமுறை வந்தால் ஆசிரியர்களாகிய எங்களுக்குப் பெற்றோரிடமிருந்து அடிக்கடி வரும் முறைப்பாடு இது: "கேமுக்கு என்னமோ ஏத்தினான் சேர், இப்ப ஒன்டும் வேலை செய்யுதில்ல. வைரஸ் வந்திட்டு போல." அடுத்த நாள் லெப்டொப் கடைக்குப் போகும், ஃபோர்மட் ஆகும். குடும்பப் படங்களும் ராத்தாவின் ஏ/எல் நோட்ஸும் அதோடு போய்விடும். பிள்ளைக்கு ஏச்சு வேறு.

அந்த "என்னமோ"வுக்குப் பெயர் மொட். கேமில் புதிய மிருகங்கள், புதிய பொருட்கள் வருவதற்காக ஆர்வலர்கள் எழுதும் மேலதிக மென்பொருள். கேமைச் செய்த நிறுவனம் வேறு, மொட்டை எழுதியவர் வேறு. கேம் அப்டேட் ஆகும்போது மொட் தானாக மாறாது. கேம் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் இந்தப் பொருந்தாமைதான் காரணம், வைரஸ் அல்ல.

நம் பிள்ளைகள் விளையாடும் மைன்கிராஃப்டையே பாருங்கள். அதில் ஜாவா, பெட்ரொக் என்று இரண்டு பதிப்புகள். போனில் ஓடுவது பெட்ரொக். ஜாவாவுக்கு எழுதிய மொட் அதில் வேலை செய்யாது. ஜாவா பதிப்பிலும் மொட்டை ஏற்ற ஃபோர்ஜ், ஃபேப்ரிக் என்று வெவ்வேறு மென்பொருள்கள் உண்டு. ஒன்றுக்கு எழுதியது பொதுவாக மற்றதில் ஓடாது. 1.12.2க்கு எழுதியதை 1.20.1இல் போட்டாலும் ஓடாது. கேமின் 1.18க்கு ஜாவா 17 வேண்டும், 1.20.5க்கு ஜாவா 21 வேண்டும்.

பெரிய குழுக்களுக்கும் இதே கதைதான். 2024 ஏப்ரல் 25இல் ஃபோல்அவுட் 4 கேமுக்கு வந்த ஒரு அப்டேட் ஏராளமான மொட்டுகளை முடக்கியது. அந்த அப்டேட் வருவதால் "ஃபோல்அவுட் லண்டன்" என்ற பெரிய மொட்டின் வெளியீடு ஏப்ரலிலிருந்து ஜூலைக்குத் தள்ளிப்போனது.

சரி, என்ன செய்யலாம்? முதலில் "சேவ்ஸ்" ஃபோல்டரை வேறோர் இடத்தில் கொப்பி எடுங்கள். மாதக்கணக்கில் பிள்ளை கட்டிய உலகம் அதில்தான் இருக்கிறது. ஒரு மொட்டை நீக்கினால் அதன் பொருட்களும் அந்த உலகத்திலிருந்து மறைந்துவிடும். பிறகு "கிராஷ் ரிப்போர்ட்ஸ்" ஃபோல்டரில் உள்ள கடைசி அறிக்கையைத் திறக்கச் சொல்லுங்கள். எந்த மொட், என்ன குறை என்று பல நேரங்களில் அதிலேயே இருக்கும். புரியாவிட்டால் மொட்டுகளில் பாதியை வெளியே எடுத்துவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். பழுது எந்தப் பாதியில் என்று தெரிந்ததும் அதையும் பாதியாக்கலாம். 32 மொட் இருந்தாலும் ஐந்து சோதனையில் ஒன்றுக்கு வந்துவிடலாம். இரண்டு மொட் ஒன்றோடொன்று மோதினால் வேலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

இதைத்தான் கணினிப் பாடத்தில் வழு நீக்கல் என்கிறோம். வகுப்பில் இதற்குப் பிள்ளைகளை உட்கார வைப்பது கஷ்டம். வீட்டில் தானாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடமிருந்து நாம் ஏன் லெப்டொப்பைப் பறிக்க வேண்டும்?

"கேம் போனால் நல்லதுதானே" என்று சிலர் சொல்வார்கள். விளையாடும் நேரத்துக்குக் கட்டுப்பாடு வேண்டும், அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் ஃபோர்மட் நேரத்தைக் கட்டுப்படுத்தாது. அடுத்த தடவை பழுது வந்தால் பிள்ளை உம்மா வாப்பாவிடம் சொல்லாது. முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்கும், "அன்டிவைரஸை ஓஃப் பண்ணு" என்று அவர் சொன்னால் பண்ணும்.

பயப்பட வேண்டிய இடம் அதுதான். 2023 ஜூனில் மைன்கிராஃப்ட் மொட்டுகளுக்குள் "ஃபிராக்சரைசர்" என்ற தீய நிரல் புகுத்தப்பட்டது. பலரும் நம்பிய கேர்ஸ்ஃபோர்ஜ் தளத்திலேயே அது இருந்தது. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களை அது திருடியது, கொம்பியூட்டரில் இருந்த மற்ற ஜாவா கோப்புகளுக்கும் பரவியது. நல்ல தளத்திலேயே இப்படியென்றால், பெயர் தெரியாத தளங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இப்படி ஒன்று வந்தால் அதை நேரத்தோடு சொல்ல வேண்டியது அந்தப் பிள்ளைதான். ஏச்சுக்குப் பயந்த பிள்ளை சொல்லாது.

ஆகவே பெற்றோரிடம் எங்கள் வேண்டுகோள்: கடைக்குக் கொண்டுபோக முன் அரை மணித்தியாலம் பிள்ளையோடு உட்காருங்கள். என்ன ஏற்றினாய், எங்கிருந்து எடுத்தாய், எந்த வேர்ஷன் என்று ஏசாமல் கேளுங்கள். கொம்பியூட்டர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்த அறிக்கையை வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். ஃபோர்மட்தான் வழி என்றாகிவிட்டால், முதலில் படங்களையும் நோட்ஸையும் வேறொன்றில் கொப்பி எடுத்து வையுங்கள்.