எங்கட புள்ள தானே, சும்மா செய்து தரட்டும்!



கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். இரண்டு வாரமாக மனதில் கிடந்ததை இன்று எழுதுகிறேன்.

என்னிடம் சாதாரண தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படித்த மாணவி ஒருத்தி. உயர்தரம் முடித்து, வெப்சைட் வடிவமைப்பும் படித்தாள். வாப்பா கடன்பட்டு வாங்கிக் கொடுத்த லெப்டொப்பில் வீட்டிலிருந்தே தொழில் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. அண்மையில் அவளிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது: "ஸேர், லெப்டொப்ப விக்கப் போறன். ஆராவது எடுப்பாங்களா?"

விசாரித்தேன். எட்டு மாதத்தில் ஆறு வேலை செய்திருக்கிறாள். ஆறும் நம் ஊர்ப் பக்கத்து ஆட்களுடையது. காசு கொடுத்தவர்கள் இரண்டு பேர். அதிலும் ஒருவர் கொடுத்தது "டேட்டா காசு" என்று 1,000 ரூபா. மற்ற நால்வரும் கொடுத்தது வார்த்தை மட்டும்.

"எங்கட புள்ள தானே."
"சீசன் வரட்டும், பாப்பம்."
"வீட்டில சும்மா தானே இரிக்கிறீங்க."
"உங்களுக்கும் நல்ல அனுபவம் தானே."

இந்த நால்வரில் ஒருவர் பிறகு என்ன செய்தார் தெரியுமா? கொழும்பு கம்பனி ஒன்றிடம் போய் அதே வேலையைத் திரும்பச் செய்வித்தார். கொட்டேஷன் வந்தது, பாதிக் காசு முன்னுக்கே போனது, ஒரு சொல் பேசவில்லை. ஆகவே நம்மிடம் காசு இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். நம் பிள்ளைக்குக் கொடுக்கத்தான் மனம் இல்லை.

மேசன் சுவர் கட்டினால் பின்னேரம் கூலி கொடுக்கிறோம். வாடியில் கருவாடு காய வைப்பவருக்கும் கொடுக்கிறோம். கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய வேலைக்குக் கூலி, திரையில் தெரிகிற வேலைக்கு துஆ மட்டும்! வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. இரவு இரண்டு மணி வரை கண்விழிக்கிற பிள்ளைக்கு வியர்வை இல்லையா?

"பேஸ்புக் பக்கம் போதும் ஸேர், இதெல்லாம் எதுக்கு?" என்று ஒரு முதலாளி கேட்டார். கற்பிட்டிப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் நடத்துபவர். அவருக்குச் சொன்ன கணக்கை இங்கேயும் சொல்கிறேன்.

கைட் சர்பிங் காற்று மே முதல் ஒக்டோபர் வரை. டொல்பின் பார்க்கும் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. வருகிறவர்களில் பலர் ஐரோப்பியர்கள், பல மாதங்களுக்கு முன்பே தேடிப் பதிவு செய்கிறவர்கள். பதிவு எங்கே நடக்கிறது? பெரும்பாலும் புக்கிங் டொட் கொம் போன்ற வெளிநாட்டுத் தளங்களில். அவர்களுடைய கமிஷன் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு இரவுக்கு 15,000 ரூபா அறை என்றால் 2,250 ரூபா அங்கே போகிறது. 100 இரவுக்கு 225,000 ரூபா. இதை முகம் தெரியாத கம்பனிக்கு முணுமுணுக்காமல் கொடுக்கிறோம். அந்த 100 இரவில் 30 இரவு நேரடியாக வந்தாலே 67,500 ரூபா கையில் மிஞ்சும். அந்த நேரடிப் பதிவுக்கு வழி செய்கிற பிள்ளைக்குக் கொடுக்கத்தான் கை நடுங்குகிறது!

1344இல் இப்னு பதூதா நம் புத்தளக் கரையில் வந்திறங்கினார். இன்றைய பயணி கப்பலில் ஏறுமுன் போனில் தேடுகிறார். அதில் நாம் இல்லையென்றால், அவருக்கு நாம் இல்லை.

சரி, ஒரு பக்கம் மட்டும் பேசினால் நியாயமில்லை. தொழில் தொடங்கும் தம்பி தங்கைகளுக்கும் சொல்ல இருக்கிறது.

"வெப்சைட் செய்து தரப்படும், இன்பொக்ஸ் வாருங்கள்" என்று போஸ்டர் போட்டால் வாடிக்கையாளர் வரமாட்டார். பைவரில் 5 டொலருக்கு உலகத்தோடு போட்டி போட்டு, அதிலும் 20 சதவீதத்தை அவர்களுக்கே விட்டுவிட்டு எத்தனை நாள் தாங்குவீர்கள்? ஒரு தொழிலைத் தெரிவு செய்யுங்கள். கெஸ்ட் ஹவுஸ் என்றால் கெஸ்ட் ஹவுஸ் மட்டும். காற்று அடங்கிய நாட்களில், முதலாளி ஓய்வாக இருக்கும்போது நேரில் போங்கள். பெண் பிள்ளைகள் வாப்பாவையோ நானாவையோ கூட்டிக்கொண்டு போங்கள், அதில் வெட்கம் இல்லை. அவருடைய இடம் கூகுள் வரைபடத்தில் தப்பாகக் கிடப்பதைக் காட்டுங்கள். கமிஷன் கணக்கை அவருடைய பில் புத்தகத்திலிருந்தே போட்டுக் காட்டுங்கள்.

தேவையில்லாதவருக்கு விற்கவும் வேண்டாம். மூலைக்கடை நானாவுக்கு வெப்சைட் எதற்கு? அவருக்கு வட்ஸ்அப் போதும் என்று நேர்மையாகச் சொல்லுங்கள். அந்த நானாவே நாலு பேரிடம் உங்களைப் பற்றிச் சொல்வார்.

சொந்தக்காரர் என்றாலும் விலை, தவணை, எத்தனை முறை திருத்தம் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். கடனை எழுதிக்கொள்ளச் சொன்ன குர்ஆனை ஓதுகிறவர்கள் நாம், எழுதக் கூச்சப்படுவது ஏன்? பாதிப் பணம் முன்னுக்கு. டொமைன் வாடிக்கையாளரின் பெயரில் இருக்கட்டும். காசு தகராறில் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதும் அநியாயம்தான்.

இனி, எழுதக் கூசுகிற விஷயம். மேலே நான்கு வசனம் எழுதினேன் அல்லவா? நாலாவது வசனம் என்னுடையது. பாடசாலை நிகழ்ச்சி ஒன்றுக்கு அவளிடம் ஒரு பக்கம் செய்வித்துவிட்டு, "அனுபவம் தானே மகள்" என்று சொன்னவன் நான்தான். ஆசிரியர் கேட்டால் மாணவி மறுக்கமாட்டாள் என்று தெரிந்தே கேட்டேன். ஹோட்டல் முதலாளியைத் திட்டுமுன் என்னைத்தான் திட்ட வேண்டும்.

நேற்று பில் அனுப்பச் சொன்னேன். "வேணாம் ஸேர்" என்றாள். விடவில்லை. 12,000 ரூபாவுக்கு பில் வந்தது, அன்றே வங்கியில் போட்டுவிட்டேன். இது தர்மம் அல்ல, என் கடன்.

மற்ற மூவரும் இந்தப் பதிவைப் பார்ப்பீர்கள் என்று தெரியும். பெயர் சொல்லமாட்டேன். அவளுடைய இலக்கம் உங்கள் போனில் இருக்கிறது. லெப்டொப் இன்னும் விற்கப்படவில்லை.

வஸ்ஸலாம்.