தலையெழுத்தும் தமிழெழுத்தும்

"அவனுக்குப் படிப்பு ஏறவில்லை; தலையெழுத்து அவ்வளவுதான்" என்கின்ற வார்த்தையை மதுரையிலும், அதைச் சுற்றியுள்ள திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் முதலிய ஊர்களிலும் நாம் கேட்காத தெருவில்லை. இதைச் சொல்லுகின்றவர்கள் பெரும்பாலும் பிள்ளையைப் பெற்றவர்களேயாவார்கள். சில இடங்களில் உபாத்தியாயரும் கூடச் சேர்ந்து கொள்ளுகிறார். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு பக்கம் வாசிக்க வரவில்லையென்றால், அதன் தலையில் எவனோ எழுதியதாகச் சொல்லப்படும் எழுத்தின் மேல் பழி போடுகிறோமே ஒழிய, அதன் கண்ணுக்கு முன்னால் நாம் எழுதிக் காட்டாமல் விட்ட எழுத்தைப் பற்றி யோசிப்பதில்லை.

இந்தத் தலையெழுத்து யார் யாருக்கு எப்படி எழுதப்பட்டிருந்தது என்பதை நம் தாத்தாமார்களைக் கேட்டால் தெரியும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரல் வைத்து எழுதின காலத்தில், அந்தத் திண்ணையில் ஏறவே யோக்கியதை இல்லையென்று ஒதுக்கப்பட்டவர்கள் எத்தனை லட்சம் பேர்! 1920-ம் வருஷத்தில் சென்னை நகரசபையில் சர் பிட்டி தியாகராயர் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகல் உணவு போட ஏற்பாடு செய்ததும், 1953-ல் வந்த அரை நாள் படிப்புத் திட்டம் எதிர்ப்பினால் 1954-ல் கைவிடப்பட்டதும், 2022-ம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி நமது மதுரை சிம்மக்கல் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் காலை உணவுத் திட்டம் துவக்கப்பட்டதும் எல்லாம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு உள்ளே கொண்டுவரச் செய்த காரியங்களாகும். மல்லிகை மொட்டு வெயில் ஏறினால் விரிந்துவிடும் என்று விடியுமுன் தோட்டத்திற்குப் போகின்ற தாய், அடுப்பு மூட்ட நேரமில்லாமல் பிள்ளையைப் பட்டினியாய் அனுப்பின கொடுமை இதனால் குறைந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

நிற்க, பிள்ளை உள்ளே வந்தாய்விட்டது. உள்ளே வந்த பிள்ளை வாசிக்கின்றதா என்பதுதான் இப்போது கேள்வி.

2022-ம் வருஷத்தில் 'அசர்' என்னும் அமைப்பார் கிராமந்தோறும் வீட்டு வாசலில் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கணக்கெடுத்தார்கள். தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையில்லாமல் வாசிக்கக்கூடியவர் பத்தில் ஒருவர்கூட இல்லையென்று கண்டார்கள். கொரோனாவினால் 2020 மார்ச்சு முதல் 2021 நவம்பர் வரையில் சின்ன வகுப்புகள் மூடிக் கிடந்தது ஒரு பெருங்காரணம். அதற்காக வீட்டுக்குப் பக்கத்திலேயே கற்றுக் கொடுக்கும் 'இல்லம் தேடிக் கல்வி' 2021-லும், முதல் மூன்று வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' 2022-லும் சர்க்காரால் ஏற்படுத்தப்பட்டன. 2024-ம் வருஷக் கணக்கில் நிலைமை முன்னைவிட ஏறியிருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் ஏறியிருக்கிறது என்பதைக் கொண்டு நிறைந்துவிட்டது என்று சொல்லிவிட முடியுமா?

சமீபத்தில் மதுரைக்கு மேற்கே ஒரு கிராமத்தில் ஒரு பெண் குழந்தை நம்மிடம் பாடப் புத்தகத்தைக் கொண்டுவந்து ஒரு பக்கத்தைக் கடகடவென்று ஒப்பித்தது. தாயாருக்கு அடங்காத பெருமை. குழந்தையின் விரலோ மூன்றாவது வரியில் நிற்க, வாய் ஆறாவது வரியைச் சொல்லிக் கொண்டிருந்தது. அதே பக்கத்திலுள்ள ஒரு வார்த்தையை மாத்திரம் தொட்டு, "இது என்னம்மா?" என்று கேட்டோம். குழந்தை விழித்தது. அக்குழந்தை மூடமல்ல, ஒரு பக்கம் முழுவதையும் காதால் கேட்டு மனதில் வைத்த மூளையை மூடம் என்று எவன் சொல்லுவான்? மனப்பாடத்தை வாசிப்பு என்று நம்பி நாம்தான் ஏமாந்து போகிறோம்.

தமிழெழுத்து மொத்தம் 247 என்று சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்துவது வழக்கம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆனால் உயிர்மெய் 216-ம் 216 தனித்தனி உருவங்களா? காலும் கொம்பும் சுழியும் இன்னதென்று தெரிந்துவிட்டால் பெரும்பாலானவை தாமே விளங்கும். வரிசை முழுவதையும் பாட்டாய்ப் பாடி முடித்த பிறகே ஒரு வார்த்தையைக் காட்டுவது என்பது, நீச்சல் முழுதும் கரையிலேயே படித்துவிட்டு ஆற்றில் இறங்கு என்பதற்குச் சமானமாகும். ப, ட, ம என்னும் மூன்றும், புள்ளி இன்னதென்பதும் தெரிந்த அன்றே 'படம்', 'மடம்', 'பட்டம்' என்று பிள்ளை வாசிக்கலாம். வாசித்தோம் என்கின்ற ருசி அன்றே உண்டாகிவிடும்.

கஷ்டமான இடங்களும் உண்டு. அவற்றைப் பெரியவர்கள் மறந்துவிட்டார்கள். 'கொ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது. வாயோ நடுவிலுள்ள எழுத்தில் துவங்க வேண்டியிருக்கிறது. கல், தங்கம், பகல் ஆகிய மூன்றிலும் 'க' ஒன்றுதான், சப்தமோ மூன்று விதம். வீட்டில் 'வந்துச்சு' என்று பேசுகின்ற பிள்ளைக்குப் புத்தகத்தில் 'வந்தது' என்றிருக்கிறது. மதுரையில் சௌராஷ்டிரம் பேசும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கும், சுற்று வட்டாரத்தில் தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைக்கும் இந்த இடைவெளி இன்னும் பெரிது. இங்கேதான் உபாத்தியாயர் வேண்டும், பிரம்பு வேண்டியதில்லை. எழுத்தைச் சுலபமாக்குவது என்பது ஏதோ விளையாட்டுக் காரியம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறோம். ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலிய 13 எழுத்துக்களின் பழைய கோணல் உருவங்களை விட்டு மற்றவைகளைப் போலவே எழுதலாமென்று 1935-ல் 'குடி அரசு' எழுதிக் காட்டியது. சர்க்கார் அதை ஒப்புக்கொண்டு உத்தரவு போட 1978 வரை ஆயிற்று. அந்த 43 வருஷமும் எத்தனை பிள்ளைகள் அந்த எழுத்துக்களுக்கு முன்னால் முழித்திருப்பார்கள்!

இனி வீட்டு விஷயம். விஜயதசமியன்று பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறார்கள். அந்த எழுத்து மறுநாள் உலைக்குப் போய்விடுகிறது; தகப்பனாரும் அடுத்த விஜயதசமி வரையில் அதை மறந்துவிடுகிறார். சரஸ்வதி பூஜையன்றோ உள்ள புத்தகத்தையும் அடுக்கி வைத்து, தொடக்கூடாது என்கிறார்கள். வருஷத்தில் ஒரு நாள் சடங்குக்குச் செலவாகும் சந்தனம், பூ, பொரிகடலைக் காசில் இரண்டு கதைப் புத்தகம் வாங்கினால் அந்தச் சரஸ்வதிக்கு என்ன நஷ்டம் வந்துவிடும்?

"எனக்கே எழுத்துத் தெரியாது, நான் என்னத்தைச் சொல்லிக் கொடுப்பேன்?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். அம்மா, உங்களுக்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. பூக் கட்டிக் கொண்டே பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு, "என்ன கதை? நீயே சொல்லு" என்று கேளுங்கள். தன் சொந்த வார்த்தையில் சொன்னால் பிள்ளை வாசித்திருக்கிறது, சொல்லாவிட்டால் வாசிக்கவில்லை. இதைக் கண்டுபிடிக்கப் பரீட்சை தேவையில்லை. பஸ்ஸில் போகும்போது மாட்டுத்தாவணியா, ஆரப்பாளையமா என்று பலகையைப் பிள்ளையிடம் கேளுங்கள். இரவில் கதை சொல்லுங்கள். ஆயிரம் வார்த்தை காதில் விழுந்த பிள்ளைக்கு அந்த வார்த்தையைப் புத்தகத்தில் கண்டால் அடையாளம் தெரியும். பையனை வாசிக்கச் சொல்லிவிட்டுப் பெண்ணிடம் கைக்குழந்தையைக் கொடுத்து வெளியே அனுப்பும் வழக்கத்தை மாத்திரம் இன்றோடு விட்டுவிடுங்கள்.

வீட்டில் ஒருவரும் பேசாத இங்கிலீஷில் நாலு வயதுப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கக் கடன் வாங்கிச் சம்பளம் கட்டுகின்ற தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. இங்கிலீஷ் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வேண்டும் என்றே சொல்லுகிறோம். அர்த்தம் தெரிந்த பாஷையில் வாசிக்கப் பழகின பிள்ளை இரண்டாவது பாஷையைச் சீக்கிரம் பிடித்துக் கொள்ளும். அர்த்தமில்லாத சப்தத்தில் துவங்கின பிள்ளைக்கு இரண்டும் அரைகுறையாய் நிற்கும்.

சர்க்கார் பள்ளிக்கூடம் தோறும் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பாகம் பெற்றோர்கள், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். ஆனால் அங்கே பேசப்படுவது சுவரும் குழாயும் கழிப்பிடமும்தான். அவைகளும் வேண்டியவைகளே. அடுத்த கூட்டத்திற்குப் போகும் தோழர்கள் பாடப்புத்தகமல்லாத ஒரு சின்னக் கதைப் புத்தகத்தைக் கையில் கொண்டுபோய், "மூன்றாம் வகுப்பில் இதை வாசித்துக் கதை சொல்லக் கூடியவர் எத்தனை பேர்?" என்று கேட்கவேண்டுகிறோம். உபாத்தியாயர் கோபித்துக் கொண்டால், கேள்வி அவர்மேல் மாத்திரமல்ல, நம்மேலும்தான் என்று சொல்லுங்கள். கிடைத்த எண்ணிக்கையை ஊர்ப் பெயருடன் நமக்கு எழுதினால் வாராவாரம் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.