லிட்டருக்கு 20 கி.மீ... எண்ணூர் ரோட்டில் கிடைக்குமா? பெரிய குடும்பத்துக்கு கார் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு!

போன மாதம் திருவொற்றியூர் மாமா வாட்ஸ்அப்பில் நான்கு கார் படங்களை அனுப்பினார். கீழே ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "இதுல எது மைலேஜ் அதிகம்னு பாத்து சொல்லுமா, புக் பண்ணிடுறேன்."

அக்காவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆகிறது. வீட்டில் மாமாவின் அப்பா, அம்மாவும் இருக்காங்க. மொத்தம் ஆறு பேர், ஒரு பைக். டெஸ்க்கில் உட்கார்ந்து கார் செய்தி எழுதுறதால நான் கார் எக்ஸ்பர்ட் என்று மாமாவுக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பைக் காப்பாற்ற நாலு நாள் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்தபோது புரிந்தது, மாமா கேட்ட கேள்வியே தப்பு. மைலேஜ் முக்கியம்தான். ஆனால் அது முதல் கேள்வி கிடையாது.

அந்த '20.51' எங்கிருந்து வருது?

மாருதி எர்டிகா பெட்ரோல் மேனுவலுக்கு நிறுவனம் சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 20.51 கி.மீ. இப்படி விளம்பரத்தில் வரும் எண்கள் எல்லாமே ஆய்வகச் சோதனையில் கிடைப்பவை. காரை ரோலர் மேல் நிறுத்தி, வகுத்து வைத்த வேகத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். அந்தச் சோதனையிலும் நின்று கிளம்பும் கட்டங்கள் உண்டு. ஆனால் ஏசி கிடையாது, பின்சீட்டில் ஆள் கிடையாது, முன்னால் கன்டெய்னர் லாரி கிடையாது.

ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட அந்த எண் உதவும். நம்ம ரோட்டில் என்ன கிடைக்கும் என்று அது சொல்லாது.

நம்ம ரோடு எப்படி? ராயபுரம், காசிமேடு தாண்டி எண்ணூர் விரைவுச் சாலையில் போனவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் வரிசையில் நின்றால் நம்மளும் நிற்க வேண்டியதுதான். நிற்கும் காரின் மைலேஜ் பூஜ்ஜியம். ஏசியோடு இன்ஜின் சும்மா ஓடினாலே ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை போகும். பெட்ரோல் சுத்திகரிக்கிற ஆலை மணலியில் இருக்கு, வெளிநாட்டுக்குக் கார் ஏற்றுமதி ஆகிற காமராஜர் துறைமுகம் எண்ணூரில் இருக்கு. ஆனால் அதிக பெட்ரோலை நின்றுகொண்டே எரிப்பதும் நாமதான்!

அதனால், நகருக்குள் ஓட்டுகிறவர்கள் கம்பெனி சொல்லும் எண்ணில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுவது பாதுகாப்பு. 20 என்றால் 13, 14 என்று வைத்துக்கொள்ளுங்க. அதுக்கு மேல கிடைத்தால் லாபம்.

முதல் கேள்வி: எத்தனை சீட் பெல்ட்?

மாமா அனுப்பிய நான்கில் மூன்று, ஐந்து சீட் கார்கள். "சின்னவன் மடியில உக்காந்துப்பான்" என்றார். இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் சீட் பெல்ட்டிலோ குழந்தைகளுக்கான தனி இருக்கையிலோதான் பயணிக்க வேண்டும். மீறினால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்க. திடீர் பிரேக்கில் மடியில் இருக்கும் குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. முன்சீட் மடி என்றால் ஏர்பேக் விரியும் வேகமே ஆபத்து. ஆறு பேர் என்றால் ஆறு பெல்ட் வேண்டும். மைலேஜ் ஒப்பீடு அதுக்கு அப்புறம்தான்.

4 மீட்டர் விஷயம் தெரியுமா?

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி மாறியது. 4 மீட்டர் நீளத்துக்கும் 1,200 சிசிக்கும் உட்பட்ட பெட்ரோல், சி.என்.ஜி கார்களுக்கு 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40 சதவீதம். ரெனோ ட்ரைபர் 4 மீட்டருக்குள் அடங்கும் ஏழு சீட் கார் என்பதால் 18 சதவீதத்துக்குள் வரும். எர்டிகா சுமார் 4.4 மீட்டர், 1.5 லிட்டர் இன்ஜின். அதனால் 40.

அதுக்காக ட்ரைபரைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லவில்லை. மூன்று வரிசையும் போட்டால் டிக்கியில் வெறும் 84 லிட்டர் இடம்தான். ஒரு லிட்டர் இன்ஜின் ஆறு பேரையும் ஏசியையும் இழுக்கும்போது திணறும், மைலேஜும் இறங்கும். குழந்தைகள் சின்னவர்களாக இருக்கும் வீட்டுக்கு அது போதும். ஏழு பெரியவர்கள் அடிக்கடி திருப்பதி போகிற வீட்டுக்குப் போதாது.

சி.என்.ஜி லாபமா?

எண்ணூரிலேயே 2019-ல் இந்தியன் ஆயிலின் எல்.என்.ஜி முனையம் திறக்கப்பட்ட பிறகு, சென்னையில் சி.என்.ஜி பழக்கமான பெயராகிவிட்டது. எர்டிகா சி.என்.ஜிக்கு கம்பெனி கணக்கு கிலோவுக்கு 26.11 கி.மீ.

ஒரு கணக்கு போடுவோம். பெட்ரோல் லிட்டர் 100, சி.என்.ஜி கிலோ 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய பங்க் விலையை நீங்களே மாற்றிப் போட்டுக்கொள்ளுங்க. நிஜத்தில் பெட்ரோல் கார் 15, சி.என்.ஜி கார் 20 கி.மீ கொடுத்தால், கி.மீக்கு 6.67 ரூபாயும் 4.50 ரூபாயும் ஆகும். மிச்சம் கி.மீக்கு 2.17 ரூபாய். சி.என்.ஜி மாடலுக்குக் கூடுதலாக ஒரு லட்சம் கொடுத்தால், அதை மீட்க சுமார் 46,000 கி.மீ ஓட்டணும். வருஷத்துக்கு 15,000 கி.மீ ஓடினால் மூன்று வருஷம். 8,000 ஓடினால் கிட்டத்தட்ட ஆறு வருஷம்.

இதோடு டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்துகொள்ளும், குழந்தையின் தள்ளுவண்டிக்கு இடம் இருக்காது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சிலிண்டர் பரிசோதனையும் உண்டு.

ஹைபிரிட், எலெக்ட்ரிக்?

நின்று நின்று போகிற ரோட்டில் உண்மையில் ஜெயிப்பது ஹைபிரிட்தான். மெதுவாகப் போகும்போது மோட்டார் பார்த்துக்கொள்ளும். டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட்டுக்கு 23.24 என்கிறார்கள். ஆனால் விலை 25 லட்சத்துக்கு மேல். எலெக்ட்ரிக் காருக்கு வீட்டில் சார்ஜிங் வேண்டும். ராயபுரம் சந்துகளில் வண்டியை நிறுத்தவே இடம் தேடுகிறவர்களுக்கு இப்போதைக்கு அது கஷ்டம்.

பழைய கார் பார்க்கிறீங்களா? 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று கம்பளத்துக்கு அடியிலும் சீட் தண்டவாளத்திலும் துரு பார்த்துவிட்டு வாங்குங்க. கடல் காற்று வேறு இருக்கு. புதிய காரோ பழசோ, இன்சூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் கவரைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

மைலேஜுக்காக ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுக்கலாமா?

வருஷம் 8,000 கி.மீ ஓட்டினால், 12 கி.மீ கொடுக்கும் காருக்கும் 15 கி.மீ கொடுக்கும் காருக்கும் வித்தியாசம் மாதம் சுமார் 1,100 ரூபாய். கூடுதலாக வாங்கும் ஒரு லட்சம் கடனுக்கு, 9 சதவீத வட்டியில் ஐந்து வருஷத்துக்கு இ.எம்.ஐ சுமார் 2,075 ரூபாய். பங்கில் மிச்சம் பிடித்து பேங்க்கில் கட்டுறோம், அவ்வளவுதான்.

மாமாவின் நிஜமான சேமிப்பு வேறு இடத்தில் இருந்தது. அவருக்கு வேலை கிண்டியில். கார் வந்ததும் தினமும் அதிலேயே போகலாம் என்று நினைத்திருந்தார். போக வர 40 கி.மீ, மாதம் 25 நாள், ஆக 1,000 கி.மீ. 12 கி.மீ மைலேஜில் பெட்ரோல் மட்டும் 8,300 ரூபாய். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது. அதே நீல வழித்தடம் கிண்டி வழியாகத்தான் விமான நிலையம் போகிறது. ஒரு பயணத்துக்கு அதிகபட்ச கட்டணமே 50 ரூபாய்தான். மாதம் 2,500-க்குள் முடிந்துவிடும். எந்தக் காரின் மைலேஜும் மாதம் 5,800 ரூபாயை மிச்சப்படுத்தாது.

இதைச் சொன்னதும் மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ கார் எதுக்குமா?" என்றார்.

குழந்தைக்கு ராத்திரி காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி போக. மாமியாருக்கு முட்டி வலி, அவங்களைப் பைக்கில் ஏற்ற முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரும் ஒன்றாக வெளியே போக. அதுக்குத்தான் கார். அதுக்கு ஆறு பெல்ட் இருக்கும், இ.எம்.ஐ கழுத்தை நெரிக்காத, சாதாரண பெட்ரோல் வண்டி போதும்.

இந்த வாரம் மாமா மறுபடியும் படங்கள் அனுப்பியிருக்கார். நாலுமே மூன்று வரிசை சீட் கார்கள். இந்த முறை வாய்ஸ் மெசேஜில் மைலேஜ் என்ற வார்த்தையே இல்லை. "குழந்தை சீட்டு எவ்வளவு ஆகும், பாத்து சொல்லுமா" என்று மட்டும் கேட்டிருக்கார்.