மைதானம் திறந்தது, கல்லா திறக்கவில்லை!



1920 டிசம்பர் 26இல் இங்கிலாந்தின் லிவர்பூலில், டிக் கெர் ஆலைத் தொழிலாளிப் பெண்களின் கால்பந்தைக் காண 53,000 பேர் திரண்டனர். பொறுத்தார்களா கனவான்கள்? பெண்களுக்கு இந்த ஆட்டம் ஆகாதென்று 1921இல் மைதானக் கதவுகளை அடைத்தது கால்பந்துச் சங்கம்!

அரை நூற்றாண்டு கழித்து, 1971இல்தான் பெண்கள் கோப்பையின் முதல் இறுதி ஆட்டம் நடந்தது. 2023 இறுதி ஆட்டத்திற்கு வெம்ப்ளியில் 77,390 பேர்! ஆனால் வென்ற பெண்கள் அணிக்குப் பரிசு 1 இலட்சம் பவுண்டு. அவ்வாண்டு ஆண்கள் கோப்பைக்கோ 20 இலட்சம்! கூட்டம் வராது என்ற சாக்கு எங்கே போயிற்று?

தோற்றால் வெளியே என்ற விதி இருவருக்கும் ஒன்றே. ஓடும் தொண்ணூறு நிமிடமும் ஒன்றே. 2023இல் கூலி மட்டும் இருபதில் ஒன்றா?

சம உழைப்புக்குச் சமக் கூலி கேட்கும் நாம் இதையும் கேட்போம். நம் வீட்டுப் பெண் பந்தை எடுத்தால், கதவடைக்கும் கனவான்களாக நாம் மாறவேண்டாம்!